எழுதக் கற்பிக்கும் வகுப்பு

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆசிரியரும் மாணவரும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய உரை)



எமக்குத் தரப்பட்ட பொருள் எழுத்துப் பயிற்சி. இடைநிலை வகுப்பு மாணவருக்கும் அதற்கு மேற்பட்ட கல்லூரி மாணவருக்கும் எழுதக் கற்பிக்கும் வகுப்பொன்றை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. விழாவுக்கு ஏற்ற இனிய பொருள் இதுவன்று என்று சிலர் நினைக்கலாம். மாலையில் நாட்டியமும் நாடகமும் இருக்கின்றன. அவற்றுக்கு நாமும் காத்திருக்கின்றோம். ஆனால் இப்பொருளை நீட்டி ஒத்திவைக்க முடியாத நிலை வந்துவிட்டது.

நிலைமை யாதெனச் சொல்லுகின்றோம். பிரதேச செயலகத்துக்கோ கச்சேரிக்கோ போகின்றவர்கள் வாயிலிலே மனு எழுதிக் கொடுப்போரைக் கண்டிருப்பீர்கள். க. பொ. த. சாதாரண தரத்திலே தமிழில் நல்ல சித்தி பெற்ற பிள்ளை வீட்டிலே இருக்க, அப்பிள்ளையின் தாய் காசு கொடுத்துப் பிறர் கையால் மனு எழுதுவிக்கின்றாள். போரினால் இடம்பெயர்ந்து, 2009 ஆம் ஆண்டின் பின் ஊர் திரும்பிய குடும்பங்களுக்கு எழுத வேண்டியவை எத்தனையோ இருந்தன: காணியின் எல்லை யாது, உறுதி எப்போது எங்கே தொலைந்தது, எந்த ஆண்டில் வீட்டை விட்டுப் போனோம், இப்போது அங்கே நிற்பது யாது. இவற்றை அறிந்தவர் வீட்டுக்காரர். மனு எழுதுகின்றவர் அறியார். ஆகவே அம்மனுவிலே 'மேன்மை தங்கிய ஐயா', 'தாழ்மையுடன் பணிந்து வேண்டிக்கொள்கின்றேன்' என்பவை பத்து வரி. காணியைப் பற்றியது ஒரு வரி. பெறுகின்ற உத்தியோகத்தர் அந்த ஒரு வரியைக் கொண்டு என்ன செய்வார்? கோவையிலே வைப்பார்.

பதினொரு ஆண்டு தமிழ் படித்த பிள்ளை அந்த மனுவைத் தானே எழுத இயலாமற் போனது ஏன்? பிள்ளை மந்தமன்று. நாம் அப்பிள்ளைக்கு எழுதக் கற்பிக்கவில்லை. எழுதியதைத் திருப்பி எழுதக் கற்பித்தோம். இதுவே எமது முறைப்பாடு.

வகுப்பிலே நடப்பதைப் பாருங்கள். கரும்பலகையில் ஒரு தலைப்பு எழுதப்படும்: 'ஓர் ஆலமரத்தின் சுயசரிதை' அல்லது 'நாணயம் ஒன்று பேசுகின்றது'. தலைப்பின் கீழே ஐந்து குறிப்புகள். நாற்பது நிமிடம். பின்னர் கொப்பிகள் சேர்க்கப்படும். இரண்டு கிழமை கழித்துச் சிவப்பு மையோடு திரும்பி வரும். பிள்ளை அடியிலுள்ள புள்ளியைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடும். அடுத்த தலைப்பு எழுதப்படும். இதிலே எழுதச் சொல்லுதல் இருக்கின்றது, திருத்துதல் இருக்கின்றது. கற்பித்தல் எங்கே இருக்கின்றது? நீந்தத் தெரியாதவனைக் கேணியிலே தள்ளிவிட்டு, அவன் கரையேறிய பின் 'நீந்திய முறை பிழை' என்று புள்ளி குறைப்பதற்கும் இதற்கும் வேற்றுமை காணோம்.

இக்குறை எம்மவர்க்கே உரியதென்று எண்ணற்க. அமெரிக்காவிலே ஹாவார்ட் சர்வகலாசாலை 1874 ஆம் ஆண்டிலே அனுமதிப் பரீட்சையில் ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொல்லிற்று. நல்ல பாடசாலைகளிலிருந்து வந்த மாணவர் எழுதிய விடைகளைக் கண்டு ஆசிரியர்கள் திடுக்கிட்டனர். 1885 ஆம் ஆண்டளவிலே முதலாண்டு மாணவர்க்கென எழுத்துப் பயிற்சி வகுப்பொன்று அங்கே அமைந்தது. பரற் வெண்டெல் என்னும் ஆசிரியர் நாள்தோறும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரும்படி பணித்தார். அதன் பின்னர் அந்நாட்டுக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் அத்தகைய வகுப்பு வந்துவிட்டது. எனவே, எழுதக் கற்பிப்பது எப்படி என்ற கேள்வியை ஒன்றரை நூற்றாண்டாக அங்கே கேட்டு வருகின்றனர். அவர்கள் கண்டவற்றுட் சில எமக்கும் பயன்படும். எல்லாம் பயன்படா, அவர்களுடைய மொழி வேறு, வகுப்பறை வேறு.

முதலாவதாக, யாருக்கு எழுதுகின்றோம் என்பது. இலண்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரிற்றனும் அவருடைய துணைவரும் 1975 ஆம் ஆண்டிலே ஒரு நூல் வெளியிட்டனர். 11 முதல் 18 வயது வரையுள்ள மாணவர் எழுதியவற்றுள் ஏறக்குறைய 2000 ஆக்கங்களை 65 பாடசாலைகளிலிருந்து சேர்த்து, ஒவ்வொன்றும் யாரை நோக்கி எழுதப்பட்டது என ஆராய்ந்தனர். ஏறக்குறையப் பாதி, ஆசிரியரைப் பரீட்சகராகக் கருதி எழுதப்பட்டவை. மேலும் நூற்றுக்கு நாற்பதுக்குக் கிட்ட ஆசிரியரோடு உரையாடும் பாங்கில் அமைந்தவை. ஆக, பத்தில் ஒன்பதுக்கு அண்மையானவை ஆசிரியர் என்ற ஒருவருக்கே எழுதப்பட்டன. அவரோ, மாணவன் சொல்ல வந்ததை முன்னரே அறிந்தவர்.

இது ஏன் பெரிய காரியம்? அறிந்தவருக்கு எழுதும்போது விளக்க வேண்டிய தேவை எழுவதில்லை. 'அறிந்திருக்கின்றேன்' என்று காட்டினாற் போதும். அறியாதவருக்கு எழுதும்போதுதான் எதை முன்னே சொல்வது, எதை விடுவது, எந்தச் சொல் அவருக்கு விளங்காது என்னும் கேள்விகள் பிறக்கின்றன. எழுத்து என்பது அக்கேள்விகளுக்கு விடை தேடுகின்ற வேலையே. ஆகவே நாம் அமைக்கும் வகுப்பிலே முதல் விதி இதுவாக இருக்கட்டும்: வாசிப்பவர் ஒருவர் இல்லாமல் எதையும் எழுதச் சொல்லலாகாது.

வாசிப்பவரை எங்கே தேடுவது என்று மலைக்க வேண்டாம். ஒடியற் கூழ் காய்ச்சும் முறையை, கொழும்பிலே பிறந்து வளர்ந்த மச்சாளுக்கு எழுதச் சொல்லுங்கள். ஒடியல் மாவை ஏன் நீரில் ஊறவைத்து வடிக்கின்றோம் என்பதை அவளுக்குச் சொல்லாமல் முடியாது. எமது பெண்பிள்ளைகளுக்கும் இக்காலத்தில் அது தெரிவதில்லை என்பது வேறு. அம்மம்மாவிடம் கேட்டு எழுதட்டும், கேட்டு எழுதுவதும் பயிற்சியே. ஆண்பிள்ளைகளும் கேட்கட்டும், கூழ் குடிப்பதில் அவர்கள் பின்னிற்பதில்லை. மீன்பிடிக் கிராமத்துப் பிள்ளை, களங்கட்டி மீன் பிடிக்கும் முறையை வயற்புறத்துப் பாடசாலைப் பிள்ளைக்கு எழுதலாம். வயற்புறத்துப் பிள்ளை சூடு மிதித்த காலத்துக்கும் இயந்திரம் வந்த காலத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவனுக்கு எழுதலாம். இரண்டு ஆசிரியர் மனம் வைத்தால் இரண்டு பாடசாலைக்கிடையில் கொப்பி போய் வரும். விளங்காத இடத்தில் அங்குள்ள பிள்ளை 'இது எனக்கு விளங்கவில்லை' என்று எழுதி அனுப்பினால், அந்த ஒரு வரி எமது சிவப்பு மை முழுவதினும் வலியது.

இரண்டாவது, இலக்கணம். இங்கேதான் எம்மிடையே சண்டை வரும். அமெரிக்க ஆங்கில ஆசிரியர் சபைக்காக றிச்சட் பிறடொக் முதலிய மூவர் 1963 ஆம் ஆண்டிலே அதுவரை நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்தபோது, எழுத்துப் பயிற்சிக்குப் பதிலாக இலக்கண விதிகளைத் தனியே படிப்பித்தல் எழுத்தை வளர்ப்பதில்லை என்று கண்டனர். 2007 ஆம் ஆண்டில் ஸ்ரீவ் கிரகாம், டொலோரெஸ் பெரின் என்ற இருவர் 4 ஆம் வகுப்பு முதல் 12 ஆம் வகுப்பு வரையுள்ள மாணவரைப் பற்றிய ஆராய்ச்சிகளைச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எவ்வளவு பயன் தந்தது என்பதை ஓர் எண்ணாகக் கணித்தனர். 0.2 என்றால் சிறிது பயன், 0.5 என்றால் நடுத்தரம், 0.8 என்றால் பெரிது எனக் கொள்ளலாம். திட்டமிடுதல், திருத்துதல் ஆகியவற்றுக்கான வழிகளை வெளிப்படையாகக் கற்பித்தலுக்கு 0.82, வாசித்ததைச் சுருக்கி எழுதக் கற்பித்தலுக்கும் 0.82, மாணவர் ஒருவர்க்கொருவர் துணையாக எழுதுவதற்கு 0.75, வாக்கியங்களை இணைக்கும் பயிற்சிக்கு 0.50. தனி இலக்கணப் பாடத்துக்கோ கழித்தல் 0.32! கற்பியாமல் விட்டதிலும் குறைவு என்றல்லவோ ஆகின்றது. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். அவ்வாராய்ச்சிகள் பலவற்றிலே இலக்கணப் பாடம், வேறொரு புதிய முறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென வைக்கப்பட்ட பழைய பாடமாகவே இருந்தது. ஆகையால் அந்த எண்ணைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நன்னூலைப் பரணில் எறிய வேண்டாம்.

எமது கருத்து இது. இலக்கணம் வேண்டும், ஆனால் அது எழுத்து மேசைக்கு வரவேண்டும். வாக்கியம் இணைக்கும் பயிற்சி அதற்கு மிகவும் ஏற்றது. தமிழுக்கு அது பொருந்துவது போல ஆங்கிலத்துக்கும் பொருந்தாது என்பது எமது எண்ணம். ஏனெனில் தமிழ் வினையின் ஈற்றிலே சிறிது மாற்றினால் இரு வாக்கியங்களுக்கிடையிலுள்ள உறவே மாறிவிடுகின்றது.

'மழை பெய்தது. விழா நடந்தது.' இவை இரண்டு வாக்கியங்கள். இவற்றை ஒன்றாக்குக என்று பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒருவன், 'மழை பெய்தபோது விழா நடந்தது' என்பான். ஒருத்தி, 'மழை பெய்தும் விழா நடந்தது' என்பாள். வேறொருவன், 'மழை பெய்த பின்னரே விழா நடந்தது' என்பான். மூன்றும் பிழையற்றவை, மூன்றும் மூன்று செய்திகள். முதலாவது காலத்தை மட்டும் சொல்லுகின்றது. இரண்டாவதில் விழாக் குழுவினரின் உறுதி தெரிகின்றது. மூன்றாவதிலே மழைக்காகக் காத்திருந்த ஊரொன்று தெரிகின்றது. 'உம்' என்னும் ஓர் இடைச்சொல் இவ்வளவு செய்கின்றது என்பதைப் பிள்ளை தன் கையாற் செய்து கண்டபின், இடைச்சொல்லைப் பற்றிய சூத்திரம் அவனுக்குச் சுமையாக இராது.

ஒருவன், 'மழை பெய்து விழா நடந்தது' என்று எழுதுவான். காதுக்கு ஒவ்வவில்லை என்று வகுப்பு முழுவதும் சொல்லும். அப்போது ஆசிரியர், 'மழை பெய்து நெல் விளைந்தது' என்பது மட்டும் எப்படிச் சரியாயிற்று என்று கேட்க வேண்டும். செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் தன் எழுவாயின் வினையையே கொண்டு முடிவது வழக்கம். மழை நெல் விளைவதற்குக் காரணமாதலால் அங்கே வேற்று எழுவாயை ஏற்றது. விழாவுக்கு மழை காரணமன்று. இலக்கண ஆசிரியர்கள் நூற்றாண்டுகளாக எடுத்துக்காட்டி வந்த தொடர் அது. அதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை தன் பிழையின் வழியே வந்து சந்திக்கின்றான். அந்த நாளிலே அந்த வகுப்புக்கு இலக்கணம் கசக்காது.

இணைத்த பின் பிரிக்கவும் பழக்க வேண்டும். எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம் என்பது தமிழின் வசதி. அதுவே அதன் ஆபத்து. 'எழுந்து, முகங்கழுவி, தேநீர் குடித்து, சட்டை போட்டு, சைக்கிளை எடுத்து, போகும் வழியில் நண்பனைக் கண்டு' என்று பிள்ளை ஒரு பக்கம் போவான், முற்று வராது. அரசாங்கச் சுற்றுநிருபம் எழுதுவோரும் இதே பிள்ளைகள்தாம், வயது ஏறியவர்கள். நாற்பது சொல்லாலான ஒரு சுற்றுநிருப வாக்கியத்தைக் கொடுத்து நான்காகப் பிரிக்கச் சொல்லுங்கள். உயர்தர மாணவருக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. எழுவாயைத் தேடிப் பிடிப்பதற்குள் பாதிப் பாடவேளை போய்விடும், போகட்டும்.

அடுத்தது பிழைகள். நியூயோர்க் நகரக் கல்லூரியிலே 1970 ஆம் ஆண்டில் அனுமதிக் கதவு அகலத் திறக்கப்பட்டது. அதுவரை கல்லூரி வாயிலை மிதிக்காத ஏழை மாணவர் ஆயிரக்கணக்காக உள்ளே வந்தனர். அவர்களுடைய எழுத்தைக் கண்ட ஆசிரியர் பலர், இவர்கள் கல்லூரிக்கு உரியவரல்லர் என்றனர். மைனா ஷோனெசி என்னும் அம்மையார் அங்ஙனம் சொல்லவில்லை. அவர்கள் எழுதிய ஏறக்குறைய 4000 கட்டுரைகளை எடுத்துவைத்துக்கொண்டு, பிழைகளை வகைப்படுத்தினார். 1977 ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூல் சொல்வது இதுவே: பிழை தற்செயலாக வருவதன்று, அதற்குள்ளே ஓர் ஒழுங்கு உண்டு, அந்த ஒழுங்கைக் கண்ட ஆசிரியரே அதைத் திருத்த வல்லவர்.

எமது பிள்ளைகளின் கொப்பியை இந்தக் கண்ணோடு பாருங்கள். 'மாடுகள் மேய்ந்தது' என்று எழுதுகின்றான். 'ஒருமை பன்மை தெரியாதவன்' என்று ஏசுகின்றோம். அவனுக்குத் தெரியும், 'மாடுகள்' என்று பன்மை எழுதினானே. பேச்சிலே அஃறிணைப் பன்மைக்குத் தனி வினைமுற்று எம்மிடம் இல்லை. மாடு ஒன்றானாலும் பத்தானாலும் பேச்சில் ஒரே முற்றுத்தான். பேச்சின் விதியை அவன் ஒழுங்காகக் கைக்கொண்டான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஆட்களைக் குறித்து 'அவை வந்தவை' என்று எழுதினாலும் அப்படியே. பேச்சில் 'அவை' உயர்திணைக்கு வரும். எழுத்தில் அஃறிணைக்கே வரும். பழத்தையும் பளத்தையும் மாற்றி எழுதுபவன் தன் காது சொன்னதை எழுதினான். இவற்றைத் தனித்தனியே நூறு இடத்திற் சுழிப்பதனால் யாது பயன்? 'பேச்சில் இப்படி, எழுத்தில் இப்படி' என்று ஒரு பக்கத்திலே இரண்டு நிரலாக அவனையே எழுதவைத்தால், நூறு சுழியும் நாலைந்து விதிகளாகக் குறையும். தன் வீட்டுப் பேச்சு இழிந்தது என்ற எண்ணமும் அவனுக்கு வராது. அது வந்துவிட்டால் பிள்ளை எழுதப் பயப்படுவான். பயந்தவன் மனனஞ் செய்ததையே எழுதுவான்.

மனனத்தைப் பற்றி ஒரு சொல். நாம் அதற்கு முழுப் பகைவரல்லர். 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர் அவர்கள் பிள்ளைகளுக்கெனப் பாலபாடங்களை எழுதினார்கள். அந்த வசன நடையை வாய்விட்டு வாசித்து, பல பகுதிகளை நெஞ்சிலே இருத்திய எமது முன்னோர் பலருக்கு, வாக்கியம் எங்கே முடியவேண்டும் என்பது காதினாலேயே தெரிந்தது. நல்ல வசனத்தை நெஞ்சிற்கொள்வது காதைப் பழக்கும். மாதிரிக் கட்டுரையை நெஞ்சிற்கொண்டு தன்னுடையதென்று எழுதுவதோ நாவைக் கட்டும். பின்னதற்கு இப்போது துணையொன்றும் வந்திருக்கின்றது. 2022 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே சட்ஜிபிடி வெளிவந்த பின்னர், ஆலமரத்தின் சுயசரிதையை ஒரு நிமிடத்தில் யாரும் பெறலாம். ஆலமரத்தின் சுயசரிதையைக் கேட்கின்ற வகுப்புக்கே அதனால் ஆபத்து. உன் ஒழுங்கையில் மழைவெள்ளம் எந்த வீட்டு வாசலில் தேங்குகின்றது, பிரதேச சபை என்ன செய்யலாம் என்று கேட்கின்ற வகுப்பிலே, பிள்ளை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுத வேண்டும்.

இனி நேரக் கணக்கு. நல்ல யோசனைகள் பல வந்து மோதி உடைவது இந்தப் பாறையிலேதான். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள். கிழமைக்கு ஒரு கட்டுரை. ஒன்றைத் திருத்தப் பத்து நிமிடம். 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். அந்த ஆசிரியருக்கு மூன்று வகுப்பு இருந்தால் கிழமைக்கு 20 மணி நேரம் திருத்துவதிலேயே போகும். அவருக்கும் வீடு உண்டு, பிள்ளை உண்டு. 'ஆசிரியர்கள் திருத்துவதில்லை' என்று முறையிடும் பெற்றோர் இந்தப் பெருக்கலை ஒருமுறை செய்து பார்த்தல் நன்று.

ஆகவே எல்லாவற்றையும் திருத்துவது என்னும் கொள்கையையே கைவிட வேண்டும். பிள்ளை நிறைய எழுதட்டும். ஆசிரியர் கொஞ்சமாக, ஆனால் ஊன்றி வாசிக்கட்டும். கிழமைக்குப் பத்துக் கொப்பியாக எடுத்தால் நான்கு கிழமையில் நாற்பதும் முடியும். மற்றைய முப்பதையும் பிள்ளைகள் மாற்றி வாசிக்கட்டும். அவர்கள் பிழை திருத்த வேண்டியதில்லை. அதைச் செய்யவிட்டால் சரியானதையும் பிழையாக்குவார்கள், பக்கத்திலிருப்பவனோடு கோபமும் கொள்வார்கள். இரண்டு கேள்விக்கு விடை எழுதினாற் போதும்: இதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது யாது? எந்த இடத்தில் நின்று திரும்ப வாசிக்க நேர்ந்தது? நண்பன் விளங்கிக்கொண்டது தான் சொல்ல வந்ததன்று என்பதைக் காணுகின்ற பிள்ளை, யாரும் சொல்லாமலே கொப்பியைத் திரும்ப எடுப்பான்.

திரும்ப எழுதுவதே பாடத்தின் நடுப்பகுதி. ஜனற் எமிக் என்னும் அமெரிக்க அம்மையார் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எண்மரை, எழுதும்போதே தம் நினைவை வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டு, 1971 ஆம் ஆண்டில் அதை நூலாக்கினார். குறிப்பு, எழுத்து, திருத்தம் என்று பாடநூல் சொல்லும் வரிசையிலே அவர்கள் எழுதவில்லை. முன்னும் பின்னும் போய் வந்தனர். பாடசாலைக்கென எழுதியதை மீண்டும் பார்க்க அவர்களுக்கு அக்கறையும் இருக்கவில்லை. அக்கறை எப்படி வரும்? புள்ளி இட்டபின் யார் திருத்துவார்? ஆகையால் முதற் படிக்குப் புள்ளி இடக் கூடாது. சிவப்பு மையும் படக் கூடாது. இரண்டாம் படி வந்தபின் புள்ளி. ஒரு தவணைக்கு எட்டுக் கட்டுரைக்குப் பதிலாக நான்கே எழுதினாலும் குற்றமில்லை, நான்கும் இருமுறை எழுதப்பட்டிருக்குமானால்.

திருத்தும்போது எதைப் பார்ப்பது? இதற்கு நாம் மேனாட்டுக்குப் போக வேண்டியதில்லை. பவணந்தி முனிவரின் நன்னூற் பாயிரத்திலே நூலுக்குரிய குற்றம் பத்தும் அழகு பத்தும் கூறப்பட்டிருக்கின்றன. பரீட்சைக்கென்று அவற்றை ஒப்புவித்து மறந்துவிடுகின்றோம். அவற்றைக் கொப்பியின் ஓரத்தில் எழுதும் திருத்தக் குறிப்பாகக் கொண்டால் என்ன? 'கூறியது கூறல்' என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதினால், எந்த வரி எந்த வரியைத் திரும்பச் சொல்லுகின்றது என்று பிள்ளை தேடிப் பிடிக்க வேண்டும். 'மற்றொன்று விரித்தல்' என்று எழுதினால், நூலகத்தைப் பற்றிய கட்டுரை எந்த இடத்தில் கிரிக்கெட்டுக்குப் போயிற்று என்று பார்க்க வேண்டும். ஒரு கிழமைக்கு ஒரு குற்றம். தொடங்கும்போது முழங்கி, போகப் போக மெலிந்து முடிகின்ற கட்டுரைக்கும் அங்கே பெயர் உண்டு. அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை இளைஞர்களுக்கு விட்டுவிடுகின்றோம். மேடைப் பேச்சாளருக்கும் அது பொருந்தும் என்பதனால் நாம் சற்று விரைந்து போகின்றோம்.

கல்லூரி மாணவர் வேறொரு துன்பத்தில் இருக்கின்றனர். பாடசாலையில் அவர்கள் எழுதியது தமிழ்ப் பாடத்தில் மட்டும். சர்வகலாசாலைக்குப் போனதும் புவியியலாசிரியரும் பொருளியலாசிரியரும் பக்கம் பக்கமாகக் கேட்கின்றனர். விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் படிப்போருக்கு மொழியே ஆங்கிலமாக மாறிவிடுகின்றது. இதற்கு ஆங்கில வகுப்பு மட்டுமே மருந்து என்பது பொதுவான எண்ணம். நாம் முழுதும் உடன்படோம். பரிசோதனையில் கண்டது எது, கண்டதிலிருந்து ஊகித்தது எது என்று தமிழிலே பிரித்தெழுதப் பழகாதவன் ஆங்கிலத்திலும் பிரித்தெழுதான். ஆகவே பத்தாம் வகுப்பு விஞ்ஞான ஆசிரியரும் எழுத்தாசிரியரே. 'கரைசல் நீலமாயிற்று' என்பது கண்டது. 'அதில் மாப்பொருள் உண்டு' என்பது ஊகம். இரண்டையும் இரண்டு வாக்கியத்தில் எழுதிவா என்று அவர் கேட்டாற் போதும். வரலாற்று ஆசிரியர், ஒரே நிகழ்ச்சியைப் பற்றி மாறுபட்ட இரு குறிப்புக்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் ஐந்து வரியில் சுருக்கி, எது எங்கே வேறுபடுகின்றது என்று ஆறாவது வரியில் எழுதச் சொல்லட்டும். சுருக்கி எழுதுதற்கு 0.82 என்று சொன்னோமே. அது தமிழ் ஆசிரியரின் மேசையில் மட்டும் நிகழவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

'பரீட்சை வருகின்றது, இதற்கெல்லாம் நேரம் ஏது?' என்று கேட்பீர்கள். பரீட்சையை நாம் பழிக்கவில்லை; ஏழைப் பிள்ளைக்கு அதுவே ஏணி. ஆனால் பரீட்சகரும் மனிதர். ஒரே ரியூட்டரிக் குறிப்பிலிருந்து பிறந்த ஒரே முன்னுரையை அடுக்கடுக்காக வாசித்தவருக்கு, கேட்ட கேள்விக்கு நேரே விடை சொல்லுகின்ற ஒரு தாள் எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். எழுதத் தெரிந்தவன் எந்தத் தலைப்புக்கும் அஞ்சான். மனனஞ் செய்தவன் தலைப்பு மாறினால் இடறுவான்.

ஆசிரியரைப் பற்றியும் ஒன்று. 1974 ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவின் பேர்க்லியிலே ஜேம்ஸ் கிறே என்பவர் ஆசிரியர்க்கென விடுமுறை வகுப்பொன்று தொடங்கினார். அங்கே ஆசிரியர்கள் தாமே எழுதினர், எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினர், தம் வகுப்பில் பயன் தந்த வழியைச் செய்து காட்டினர். அம்முயற்சி பின்னர் நாடெங்கும் பரவிற்று. எழுதாத ஆசிரியர் எழுதக் கற்பிப்பது, சமைக்காதவர் சமையல் கற்பிப்பது போன்றது. பிள்ளைகள் எழுதும் நாற்பது நிமிடத்திலே ஆசிரியரும் கரும்பலகையில் எழுதட்டும். எழுதி, அழித்து, திரும்ப எழுதட்டும். பெரியவரும் அழித்துத்தான் எழுதுகின்றார் என்பதைப் பிள்ளை கண்ணாற் காணவேண்டும்.

இனி எமது மன்றத்தார்க்கு ஒரு வேண்டுகோள். வாசிகசாலை மண்டபம் சனிக்கிழமை பின்னேரங்களில் வெறுமனே கிடக்கின்றது. பன்னிரண்டு கிழமைக்கு ஒரு வகுப்பை அங்கே நடத்தலாம். இருபது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். பத்தாம் வகுப்பினர் பாதி, உயர்தரத்தினர் பாதி. முதல் மூன்று கிழமையும் கட்டுரையே இல்லை. வாக்கியம் இணைத்தலும் பிரித்தலும், வாசித்ததைச் சுருக்குதலும். நான்காம் கிழமையிலிருந்து கடிதம், செய்முறை விளக்கம், ஊரில் ஒரு முதியவரைக் கேட்டெழுதும் வரலாறு. எட்டாம் கிழமைக்குப் பின் வாதம்: ஊரவர் இருபக்கமாக நிற்கின்ற ஒரு காரியத்தை எடுத்து, முதலில் எதிர்ப்பக்கத்தின் நியாயத்தை அவர்களே ஒப்பும்படி எழுதி, அதன் பின்னரே தன் பக்கத்தை எழுதுதல். இது கடினம்; பெரியோருக்கும் கடினம். சர்வகலாசாலையில் படிக்கின்ற எம் அண்ணன்மார், அக்காமார் விடுமுறைக்கு வரும்போது ஆளுக்கு ஐந்து பிள்ளைகளின் கொப்பியை வாசிக்கப் பொறுப்பேற்கலாம். புள்ளி இல்லை, பரிசு இல்லை. முடிவில் நல்லவை சிலவற்றை அடுத்த ஆண்டு மலரிலே பிள்ளைகளின் பெயரோடு அச்சிடலாம். இம்மலரில் எம்போன்றோர் பிடிக்கின்ற பக்கங்களிற் சிலவற்றை அதற்கு விட்டுக்கொடுக்க நாம் ஆயத்தமாக இருக்கின்றோம்.

முதல் நாள் வருகின்ற பிள்ளை ஒற்றைக் கோட்டுக் கொப்பியொன்றும் இரண்டு பேனாவும் கொண்டு வந்தாற் போதும். அவற்றோடு, வீட்டிலே யாருக்கேனும் அனுப்பவேண்டியிருந்தும் இன்னும் எழுதப்படாமல் இருக்கின்ற ஒரு கடிதத்தின் விபரத்தையும் அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டுக்கொண்டு வரட்டும்: யாருக்கு, எதற்காக, எந்தத் திகதிக்கு முன்னர் என்பவை. நாலாங் கிழமையில் எழுதத் தொடங்குவது அக்கடிதத்தையே.